இருளில் திறந்திருக்கும் கண்

நிலவில்லாத இரவில், ஊர் வெளிச்சம் எட்டாத மலைமீது நின்று வானை நோக்குபவர் இரண்டாயிரம், மூவாயிரம் விண்மீன்களைக் காணக்கூடும். மங்கலான ஒரு விண்மீனை அவர் மணிக்கணக்கில் உற்று நோக்கினாலும் அது முன்னினும் ஒளிமிக்கதாகத் தோன்றுவதில்லை. அதற்குக் காரணம் கண்ணின் இயல்பே. ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் விழுந்த ஒளியை மூளைக்கு அனுப்பிவிட்டு, அடுத்த கணமே அது புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறது. சேர்த்துவைக்கும் வழக்கம் கண்ணுக்கு இல்லை. ஒளிப்படத் தகடோ குடும்பத்தலைவி சேர்க்கும் சிறுவாட்டைப் போன்றது. எவ்வளவு நேரம் அது திறந்திருக்கிறதோ அவ்வளவு ஒளி அதில் சேர்ந்துகொண்டே போகும். இரவு வானத்தைப் படமெடுக்கும் கலை முழுவதும் இந்த ஓர் உண்மையின்மேல் நிற்கிறது.

1850ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் வில்லியம் பாண்டும் ஒளிப்படக் கலைஞர் ஜான் விப்பிளும் சேர்ந்து வேகா என்னும் விண்மீனைப் படம்பிடித்தனர். வெள்ளி பூசிய செப்புத் தகட்டை ஏறத்தாழ 100 நொடிகள் ஒளிபடச் செய்தபோது அதன் உருவம் பதிந்தது. பின்னர் வந்த ஈரத்தகடுகள் சில நிமிடங்களில் உலர்ந்து பயனற்றுப் போயின. ஆதலால், நெடுநேரப் பதிவு உலர்தகடுகள் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1880 செப்டம்பர் 30 அன்று ஹென்றி டிரேப்பர் என்னும் மருத்துவர் ஓரியன் ஒண்முகிலை 51 நிமிடங்கள் பதிவு செய்தார். 1883இல் இங்கிலாந்தின் ஆண்ட்ரூ காமன் எடுத்த படம் மேலும் ஒரு படி முன்னே சென்றது. தொலைநோக்கி வழியே நோக்கிய கண்ணுக்கும் புலப்படாத விண்மீன்கள் அதில் பதிந்திருந்தன. கண் கண்டதைப் பதிவுசெய்து வந்த கருவி, கண் காணாததையும் காட்டத் தொடங்கியது.

நெடுநேரப் பதிவுக்குப் பெருந்தடையாக அமைவது புவியின் சுழற்சி. வானம் ஒரு மணி நேரத்திற்கு 15 பாகை வீதம் நகர்வதாகத் தோன்றுகிறது. முக்காலியில் அசையாது நிறுத்திய கேமராவின் மூடியை ஒரு மணி நேரம் திறந்துவைத்தால், ஒவ்வொரு விண்மீனும் ஒரு கோடாக நீளும். வடக்கு நோக்கி எடுத்த படத்தில் அக்கோடுகள் துருவ விண்மீனைச் சூழ்ந்த வட்டவிற்களாக அமையும். சென்னையில் துருவ விண்மீன் தொடுவானத்திற்கு மேல் 13 பாகை உயரத்திலேயே நிற்பதால், அவ்வட்டங்களில் பெரியவை பாதி மண்ணுள் மறைந்தவைபோல் தோன்றும். நேர்கிழக்கு நோக்கினால் அவை ஏறக்குறைய நேர்கோடுகளாகும். கோடுகள் வேண்டாதவர் பதிவு நேரத்தைக் குறைத்துக்கொள்வர். 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள உணரிகொண்ட கேமராவில் 500 என்னும் எண்ணை வில்லையின் குவியத்தூரத்தால் வகுப்பது ஒரு தோராயமான கணக்கு. 20 மி.மீ. வில்லைக்கு 25 நொடிகள் எனக் கொள்ளலாம். மங்கிய ஒளியில் கண் நிறங்களைப் பகுத்தறிவதில்லை. அந்த 25 நொடிகளிலோ திருவாதிரையின் செம்மையும் ரீகலின் நீலவெண்மையும் படத்தில் தெளிவாகத் தெரியும்.

அதைவிட நெடிய பதிவிற்குத் தொலைநோக்கியே புவிச் சுழற்சிக்கு எதிராகத் திரும்ப வேண்டும். பழங்காலத்துப் பொறிகள் அதனைப் பிழையின்றிச் செய்யவில்லை. வழிகாட்டி விண்மீன் குறுக்கிழையிலிருந்து விலகாதபடி ஒருவர் விடியும்வரை கண் இமையாது திருத்திக்கொண்டே இருந்தார். அப்பணியில் தலைசிறந்தவர் மில்டன் ஹுமாசன். பதினான்கு வயதில் பள்ளியை விட்ட அவர், வில்சன் மலை வானாய்வகத்திற்குக் கட்டுமானப் பொருள்களைச் சுமந்த கோவேறு கழுதைகளை ஓட்டினார். பின்னர் அங்கேயே துப்புரவுப் பணியாளரானார். 1919இல் அறிவியல் பணியாளருள் ஒருவராக ஏற்கப்பட்டார். தொலைவிலுள்ள ஒரு விண்மீன் திரளின் நிறமாலையைப் பதிய அவருக்கு ஒரு தகட்டில் 33 மணி நேரமும் மற்றொன்றில் 45 மணி நேரமும் தேவைப்பட்டன. விடியலில் தகட்டை மூடி இருளில் காத்து, மறுநாள் இரவு அதே புள்ளியில் மீண்டும் திறந்தார். வெப்பக்காற்று உருவத்தைக் குலைக்கும் என்பதால் கூண்டினுள் கணப்பும் மூட்டுவதில்லை. கை ஒருமுறை தவறினால் பல இரவுகளின் உழைப்பு வீணாகும். அத்திரள் நொடிக்கு ஏறத்தாழ 3,800 கி.மீ. விரைவில் விலகிச் செல்கிறது என 1929இல் அவர் அறிவித்தார். பேரண்டம் விரிவடைகிறது என்னும் கருத்திற்கு அது வலிமையான சான்றாயிற்று.

சென்னையில் பிறந்த வைணு பாப்புவும் இத்தகைய தகடுகளோடு வளர்ந்தவரே. ஹார்வர்டில் ஆய்வு மாணவராக இருந்த 1949இல், தாம் எடுத்த வான்படத்தில் புதிய வால்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். தாயகம் திரும்பியபின் இருள் மிக்க வானம் தேடி அவர் தெரிவு செய்த இடம் சவ்வாது மலையிலுள்ள காவலூர். அங்கு நிறுவப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கண்ணாடித் தகடுகளின் இடத்தை மின்னணு உணரிகள் பிடித்த பின்னும் காத்திருப்பு ஒழியவில்லை. 1995 டிசம்பரில் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் ஆய்வு நிறுவனத் தலைவர் ராபர்ட் வில்லியம்ஸ், ஏறக்குறைய வெறுமையாகத் தெரிந்த ஒரு சிறு வான்பகுதியைப் பத்து நாள்கள் படமெடுக்கச் செய்தார். விலைமதிப்பற்ற நேரம் வீணாகக்கூடும் எனச் சிலர் அஞ்சினர். 342 பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தபோது, அந்த வெறுமையில் ஏறத்தாழ 3,000 விண்மீன் திரள்கள் வெளிப்பட்டன.

சேர்த்துவைக்கும் கருவிக்கு வேண்டியது, வேண்டாதது என்னும் பாகுபாடு கிடையாது. விண்மீன் ஒளியைச் சேர்ப்பது போலவே தெருவிளக்கின் ஒளியையும் அது சேர்க்கும். நகருக்கு அருகில் எடுத்த நெடுநேரப் படம் சில நிமிடங்களில் வெளுத்துப்போவது இதனாலேயே. உலக மக்களுள் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டோர் தாம் வாழும் இடத்திலிருந்து பால்வழியைக் காண இயலாது என 2016இல் வெளிவந்த ஆய்வொன்று தெரிவித்தது. காவலூரைச் சூழ்ந்த ஊர்கள் வளர வளர, அங்குள்ள இரவும் வெளுக்கும். லடாக்கின் ஹான்லே பகுதி 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள சிற்றூர் மக்கள் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி வானைக் காக்கின்றனர்.

ஆற்றில் கலந்த கழிவை நீக்கப் பல்லாண்டுகள் ஆகும். ஒளிமாசு அத்தகையதன்று, விளக்கிற்கு மேல்மூடி இட்டு, ஒளியைத் தரைநோக்கித் திருப்பிய அந்த இரவிலேயே அது குறைகிறது. ஆண்ட்ரோமெடா திரளிலிருந்து புறப்பட்ட ஒளி ஏறத்தாழ 25 இலட்சம் ஆண்டுகள் பயணம் செய்து புவியை வந்தடைகிறது. அது ஒரு மாணவரின் கேமராவிற்குள் நுழைவதும், வாசலில் வீணே எரியும் விளக்கொளியில் கரைந்துபோவதும் அவ்வூர் மக்களின் கையில் உள்ளன.