மினோக் குன்றுகளின் கோணல் கிண்ணங்கள்

ஜப்பானின் நகோயா நகரிலிருந்து சூவோ ரயில் பாதையில் வடகிழக்காக ஏறத்தாழ 40 நிமிடம் செல்லும் பயணிக்கு, சமவெளி முடிந்து தாழ்ந்த குன்றுகள் தொடங்குமிடத்தில் தஜிமி என்னும் ஊரும் அதற்கடுத்துத் தோகியும் வருகின்றன. மினோ என்னும் பழம்பெயர் கொண்ட இந்நிலப்பகுதியில், 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், 'சானோயு' எனப்படும் தேநீர்ச் சடங்குக்கென்றே கிண்ணங்கள் வனைந்து சுடப்பட்டன. இன்று தஜிமியின் கடைத்தெருவில் அடுக்கியிருக்கும் அன்றாடப் பாத்திரங்களைவிட, குன்றுச் சரிவுகளில் புதைந்துகிடந்து வெளிப்பட்ட உடைந்த ஓடுகளே இவ்வூர்களின் பெருமையைச் சரியாகச் சொல்கின்றன.

ஷினோ என்னும் வகைக்கு உரிய மண் வெளிர்நிறமானது, இரும்புச்சத்துக் குறைந்தது, சுட்டபின்னும் இறுகிப்போகாமல் சற்றுப் பொலபொலப்பாகவே நிற்பது. அதன்மேல் ஃபெல்ட்ஸ்பார் என்னும் பாறைக்கனிமத்தை அரைத்துத் தடித்த குழம்பாகப் பூசி, மெல்ல மெல்லச் சுட்டு ஆறவிடும்போது, அப்பூச்சு பால்வெண்மையாகப் படிந்து, நாரத்தைத் தோலைப் போல் சிறுசிறு துளைகள் விழுந்ததாக அமைகிறது. பூச்சு மெலிந்த இடங்களில் எழும் இளஞ்சிவப்பை ஜப்பானியர் 'நெருப்பின் நிறம்' என்று போற்றுகின்றனர். வெண்மைக்கு அடியில், இரும்புக் கலவை தோய்ந்த தூரிகையால் சில கோடுகளில் தீட்டப்பட்ட புல்லோ வேலியோ மூங்கில் குருத்தோ பனிமூட்டத்தினுள் தெரிவதுபோலத் தெரியும். தோக்கியோவின் மிட்சுயி நினைவு அருங்காட்சியகத்தில் உள்ள, 'உனோஹனாகாகி' (வெண்பூ வேலி) என்று பெயர்பெற்ற ஷினோ கிண்ணம் இவ்வகையின் உச்சம். ஜப்பானிலேயே செய்யப்பட்டு அந்நாட்டின் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்ட தேநீர்க் கிண்ணங்கள் இரண்டே, அவற்றுள் இது ஒன்று.

இன்னொரு வகையான ஒரிபே, தேநீர் ஆசானும் போர்வீரருமான ஃபுருத்தா ஒரிபேயின் பெயரைத் தாங்குவது. அவருடைய ஆசான் சென் நோ ரிக்யூ விரும்பியவை அடக்கமான, ஓவியமற்ற கருங்கிண்ணங்கள். மாணவரின் பெயரால் வழங்குபவையோ, சக்கரத்தில் வட்டமாக வனைந்து, ஈரம் காயுமுன் அழுத்திக் கோணலாக்கப்பட்டு, மரச்செருப்பின் வடிவை ஒத்தவை. ஹகாத்தா நகர வணிகர் காமியா சோத்தான் 1599இல் ஒரிபேயின் தேநீர் விருந்துக்குச் சென்று, அங்கு கண்ட நெளிந்த கிண்ணத்தை வேடிக்கையானதென்று தம் நாட்குறிப்பில் பதிந்துவைத்தார். கருநிறக் கிண்ணங்களைச் சூளையில் செந்தழலாக இருக்கும்போதே இடுக்கியால் வெளியே இழுத்துவிடுவர். சட்டென்று குளிர்வதால் இரும்புப் பூச்சு அடர்கருமையாகிறது. அக்கருமையின் நடுவே சாளரம்போல் விடப்பட்ட வெள்ளை இடத்தில்தான் ஓவியம் அமையும்.

இக்கோணல் கைத்தவறன்று, எண்ணிச் செய்த அமைப்பு என்பதே இக்கட்டுரையின் துணிபு. விருந்தினர் கிண்ணத்தை உள்ளங்கையில் ஏந்தி, ஓவியமுள்ள முகப்பில் வாய்வைக்காதபடி அதைச் சற்றுத் திருப்பிப் பருகி, பருகியபின் மறுபடி திருப்பிப் பார்ப்பது மரபாதலால், ஒவ்வொரு திருப்பத்திலும் வேறொரு விளிம்பும் வேறொரு பள்ளமும் விரலுக்குத் தட்டுப்படுகின்றன. கண்ணாடிப் பேழையின் முன் நிற்பவருக்குக் கிடைப்பது இதில் ஒரு பக்கம் மட்டுமே. அது பெரிய இழப்பு. இக்கிண்ணங்களோடு புழங்கிய தூள்தேயிலைச் சிமிழ்களின் உறைகள் சிலவற்றை, சோழமண்டலக் கரையில் சாயமிடப்பட்டுக் கடல்வழி சென்ற பருத்தித் துணியில் தைத்தார்கள் என்பது தமிழ்ப் பயணி நின்று நோக்க வேண்டிய செய்தி. அத்துணியை அங்கே 'சராசா' என்பர்.

தோகியிலுள்ள மொத்தோயாஷிக்கி, ஒரிபே கலங்களைச் சுட்ட படிச்சூளையின் எச்சம். அறை அறையாகச் சரிவில் ஏறும் இவ்வகைச் சூளை, கியூஷு தீவின் கராத்சுவிலிருந்து இங்கு வந்த நுட்பமாகும். ஷினோவோ நெடுங்காலம் அண்டைப் பகுதியான செத்தோவில் செய்யப்பட்டதென்றே நம்பப்பட்டது. 1930இல் குயவர் அராகவா தொயோசோ, நகோயாவில் மூங்கில் குருத்து வரைந்த பழைய ஷினோ கிண்ணம் ஒன்றைப் பார்த்தார். அதன் அடிவளையத்தில், சூளையில் கிண்ணத்தைத் தாங்கிய செம்மண் பயறளவு ஒட்டியிருந்தது. செத்தோவின் வழக்கத்துக்கு அது பொருந்தவில்லையென்று ஐயுற்ற அவர், சில நாட்களிலேயே மினோவைச் சேர்ந்த கானிப் பகுதியிலுள்ள முத்தாபோராவின் பழஞ்சூளைச் சரிவைக் கிளறி, அதே குருத்தோவியம் கொண்ட ஓடொன்றை எடுத்தார். 1933இல் அப்பள்ளத்தாக்கிலேயே பாதி நிலத்துள் புதைந்த பழைய முறைச் சூளை ஒன்றைக் கட்டி, இழந்துபோன அந்த நெருப்பின் நிறத்தைத் தேடி ஆண்டுக்கணக்கில் சுட்டுக்கொண்டிருந்தார்.