குரல் உடைந்த பிள்ளை



ஆம்பூரில் நாம் ஓதிக்கொடுக்கும் ஹிஃப்ழு வகுப்பில் இனிய குரலுடைய மாணவர் ஒருவர் உண்டு. எந்த மஜ்லிஸ் நடந்தாலும் கிராஅத் ஓத அவரையே அழைப்போம். 13 வயதில் அவர் திடீரென்று ஓத மறுத்தார். சபக் கேட்டால் தலைகுனிந்து நிற்பார். வற்புறுத்தினால் கண்ணீர் வரும், இல்லையேல் வெடுக்கென்று பதில் வரும். அதை நாம் அகந்தை என்றே எண்ணினோம். ஒருநாள் லுஹர் வரை நிற்கவைத்தோம். பின்னர் பெற்றோரை வரவழைத்து முறையிட்டோம்.

தந்தை தோல் பதனிடும் ஆலையில் வேலை செய்பவர். தாயார் ஷூ கம்பெனியில் தைப்பவர். அரைநாள் கூலியை விட்டு வந்திருந்த அந்தத் தாயார் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஹஜ்ரத், அவனுக்குக் குரல் உடையுது. மஜ்லிஸில் ஓதும்போது பிசிறிப்போய், பிள்ளைங்க சிரிச்சிருக்காங்க. அன்றிலிருந்து வீட்டிலும் வாய் திறக்கிறதில்லை."

பல ஆண்டுகளாகப் பிள்ளைகளின் ஓதலைத் திருத்தும் நமது காதுக்கு அது எட்டவில்லை.

பாலிக் ஆவதன் சட்டங்களை நாம் குறைவின்றிப் போதிக்கிறோம். குளிப்பு எப்போது கடமை, தொழுகையும் நோன்பும் எப்போது பொறுப்பாகின்றன என்பதெல்லாம் பாடத்தில் உண்டு. அந்தப் பருவம் உள்ளத்தை என்ன செய்கிறது என்பது மட்டும் இல்லை.

பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் இம்மாற்றம் தொடங்குகிறது. மூளையின் அடியிலுள்ள பட்டாணியளவு பிட்யூட்டரி சுரப்பி கட்டளையிட, ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோனும் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் பெருகுகின்றன. குரல்வளையை வளர்த்துக் குரலை உடைப்பதும் அந்த டெஸ்டோஸ்டிரோன்தான். இந்தச் சுரப்புகள் மூளையையும் விடுவதில்லை. கோபம், அச்சம், வெட்கம் ஆகியவற்றை எழுப்பும் பகுதி முந்திக்கொள்கிறது. அவற்றை அடக்கி யோசிக்கவைக்கும் முன்மூளை முதிர்ச்சியடைய ஏறத்தாழ 25 வயது ஆகிறது. தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் இவ்வயதில் இரவில் தாமதித்தே சுரக்கிறது. நள்ளிரவு வரை விழித்து ஃபஜ்ருக்கு எழும் பிள்ளை பகலில் சிடுசிடுப்பதில் வியப்பில்லை.

ஹார்மோனைச் சொல்லிப் பிள்ளைகள் தொழுகையிலிருந்து தப்பிக்கலாமா என்று ஒரு தந்தை கேட்டார். கூடாது. ஃபஜ்ர் அல்லாஹ் விதித்தது. ஆனால் ஃபஜ்ருக்குப் பின்னுள்ள சபக் நாம் விதித்தது. அதை அஸருக்குப் பின் மாற்றினோம். லுஹருக்குப் பின் சற்று உறங்கவும் விட்டோம்.

மாலிக் பின் ஹுவைரிஸ் (ரலி) அவர்கள் அறிவித்த, புகாரியில் பதிவான ஹதீஸை நாம் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறோம். ஒத்த வயதுடைய இளைஞர் சிலர் நபி (ஸல்) அவர்களிடம் 20 இரவுகள் தங்கிக் கற்றார்கள். அவர்கள் வீட்டை எண்ணி ஏங்குவதை நபியவர்கள் தாமாகவே உணர்ந்து, யாரையெல்லாம் விட்டு வந்தீர்கள் என்று விசாரித்து, குடும்பத்தாரிடம் திருப்பியனுப்பினார்கள். தாம் தொழுததைக் கண்டவாறே தொழுமாறும் அப்போது கூறினார்கள். தொழுகை முறைக்கு ஆதாரமாகவே நாம் அந்த ஹதீஸைக் காட்டிவந்தோம். அந்த இளைஞர்களின் முகத்தை நபியவர்கள் கவனித்த பகுதியில் நாம் நின்றதே இல்லை.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் சரிவதால் காரணமற்ற அழுகையும் எரிச்சலும் சிலருக்கு வருவதுண்டு. பிறகு தொழுகை விலக்கப்பட்ட நாட்கள். "ஏன் தொழவில்லை?" என்று அண்ணன் தம்பிகள் முன்னிலையில் உரக்கக் கேட்கும் தந்தையர் நம்மிடையே உள்ளனர். அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லும்?

எல்லாவற்றையும் வயதுக் கோளாறு என்று தள்ளிவிடவும் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் சோர்வு, உணவை வெறுத்தல், யாருடனும் பேசாமை ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசினாலோ ஒருநாளும் காத்திருக்க வேண்டாம். ஓதிப் பார்ப்பதோடு மருத்துவமும் செய்யுங்கள். வேலூர் சி.எம்.சி. அருகிலேயே இருக்கிறது. அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.

அம்மாணவரிடம் வகுப்பார் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்டோம். அவர் எதுவும் சொல்லவில்லை. மஜ்லிஸில் இன்னும் ஓதுவதில்லை, நாமும் அழைப்பதில்லை. அஸருக்குப் பின் நம்மெதிரே தனியே அமர்ந்து அரை ஜுஸ்வு ஓதுகிறார். குரல் இடையிடையே பிசிறுகிறது. அப்போது சற்று நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு, அந்த ஆயத்தையே மீண்டும் ஓதுகிறார்.