வாசல் நாய்

நாயைப் பற்றித் தமிழில் எழுத உட்காருகிறவன் முதலில் சில வார்த்தைகளைத் தூர எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. மாணிக்கவாசகரின் ‘நாயேன்’ அதில் ஒன்று. மனிதன் தன்னைத் தாழ்த்திக்கொண்டே போய் நின்ற கடைசிப் படி அது. நாலடியார் நாயைப் புகழத்தான் செய்கிறது. யானையின் சிநேகத்தைவிட நாயின் சிநேகம் மேல் என்கிறது. ஆனால் அங்கும் நாய் ஒரு உதாரணம். நட்பைப் பற்றிய விஷயம் முடிந்ததும் அதை வெளியே விரட்டிவிடலாம். தருமனோடு கடைசிவரை நடந்த நாயோ கடைசியில் நாயே இல்லை, தருமதேவதை. புதுக்கவிதை வந்தபிறகும் நிலைமை பெரிதாக மாறியதாக எனக்குப் படவில்லை. இரவு, தெருவிளக்கு, தனியாக ஒரு நாய் என்ற மூன்றையும் வைத்துக்கொண்டு அந்நியமாதலைச் சொன்ன கவிதைகளை நம் பத்திரிகைகளில் வேண்டிய அளவு படித்தாகிவிட்டது. ஞானக்கூத்தனின் ‘நாய்’ விதிவிலக்கு. ஊர் விட்டு ஊர் தொடரும் குரைப்பை அதில் ஒருவர் உண்மையாகவே காதால் கேட்டிருக்கிறார். மற்றவர்கள் பார்த்தது தெருவில் நின்ற நாயையா, மொழிபெயர்ப்பில் வந்த நாயையா என்பது சந்தேகம்.

படிமத்துக்கு நான் விரோதியில்லை. எங்கள் வீட்டு வாசலில் வருஷம் முழுக்கப் படுத்திருக்கிற இரண்டு நாய்கள் எந்தப் படிமத்துக்கும் பிடிகொடுக்காமல் இருப்பதைப் பல வருஷங்களாகப் பார்த்துவருகிறேன், அவ்வளவுதான்.

ஊர் சாத்தூருக்கு மேற்கே, கரிசல் காட்டில். சிப்பிப்பாறை எங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரால் அழைக்கப்படும் வேட்டை நாயை, முயலுக்குப் பின்னால் ஓடியே ஒட்டிப்போன அந்த வயிற்றை, இப்போது பெரிய நகரங்களில் விலைகொடுத்து வாங்குகிறார்கள். ராஜபாளையம் நாய் 2005இல் தபால்தலையிலேயே ஏறிவிட்டது. எங்கள் மணிக்கும் டைகருக்கும் இந்தக் கௌரவங்களில் பங்கில்லை. மணியின் இடுப்பில் மட்டும் எந்தத் தலைமுறையிலோ ஒரு சிப்பிப்பாறை குறுக்கே போனதற்கு அடையாளம் உண்டு. இரண்டையும் யாரும் வாங்கவில்லை. வளர்த்தோம் என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. வந்தன, இருந்துவிட்டன. சோறு உண்டு, நிலைப்படிக்கு உள்ளே வர அனுமதி இல்லை. இந்த விதியை நாங்கள் மறந்தாலும் அவை மறப்பதில்லை. பெருமழையில் அம்மா உள்ளே கூப்பிட்டால்கூட மணி முன்னங்கால் இரண்டையும் நிலைப்படியில் வைத்து, அதற்குமேல் வராமல் நிற்கும். மேலத்தெருவில் இன்னொரு வீட்டில் அதற்குக் காலைக் கஞ்சி உண்டு. கழுத்தில் பட்டை கிடையாது. யாரையாவது கடித்தால் நியாயம் கேட்டு எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். திருடனைக் குரைத்து விரட்டினால் அது ஊர்நாய்.

பெயர் விஷயம் வேடிக்கையானது. தெருவில் யாருக்கும் இல்லாத பெயராகப் பார்த்துத்தான் நாய்க்கு வைக்க முடியும். குலசாமி பெயரும் ஆகாது. டைகரும் ஜிம்மியும் கிராமத்துக்குள் வந்தது இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் என்று நினைக்கிறேன். மணி மட்டும் எப்படியோ மனுஷருக்கும் நாய்க்கும் பொதுவாகத் தப்பிவிட்டது. இங்கிலீஷ் எங்கள் ஊருக்குள் முதலில் நுழைந்தது பள்ளிக்கூடம் வழியாகவா, நாய் வழியாகவா என்று யாராவது ஆராயலாம். ஆங்கில இலக்கியம் படித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம்.

நாயின் வருஷம் சித்திரையில் பிறப்பதில்லை. கரிசலில் அது ஐப்பசியில் பிறக்கிறது. முதல் பெருமழைக்கு மறுநாள் சாயங்காலம் வாசல் விளக்கைச் சுற்றி ஈசல் அடைகிறது. எங்கள் ஆச்சி இருந்தவரை ஈசலைத் தண்ணீர்ச் சட்டியில் விழவைத்து, அரிசியோடு வறுத்துத் தருவாள். இப்போது வீட்டில் ஈசல் தின்கிறவை நாய்கள் மட்டும்தான். டைகர் வாயைத் திறந்துகொண்டு எம்பி எம்பிக் காற்றைக் கடிக்கும். மணி அப்படிச் சிரமப்படுவதில்லை; சிறகுதிர்ந்து தரையில் ஊர்வதைப் பொறுமையாக நக்கிக்கொள்ளும். மழை தொடர்ந்தால் கரிசல் மண் பசையாகிவிடும். பாத விரல்களுக்கு நடுவில் உருண்டை உருண்டையாக அடைந்துகொள்ளும் மண்ணை நாய் திண்ணைக்குக் கீழே உட்கார்ந்து பல்லால் எடுக்கும். விதைத்துவிட்டு வந்த சம்சாரி அதே நேரத்தில் அதே வாசலில் உட்கார்ந்து ஓலைத்துண்டால் காலை வழித்துக்கொண்டிருப்பார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை. தீபாவளி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, தொழுவின் மூலைதான். சிவகாசிப் பக்கத்தில் வெடிச் சத்தம் கேட்டால் அது கொண்டாட்டமா, ஏதாவது ஆலையில் விபத்தா என்று மனுஷர்களும் ஒரு கணம் காதைத் தூக்கித்தான் நிற்கிறோம்.

மார்கழியில் இரண்டும் சாம்பல் நிறமாகிவிடும். சமையல் காஸுக்கு மாறிவிட்டாலும் கொல்லையில் வெந்நீர் அடுப்பு மிச்சமிருக்கிறது. அதில் காலையில் எரிந்த முள் அடுத்த நாள் விடியும்வரை ஒரு சூட்டை வைத்திருக்கிறது. நாய் அதைக் கண்டுபிடித்து, மூன்று சுற்றுச் சுற்றி, தன் அளவுக்கு ஒரு குழி செய்து சுருண்டுகொள்ளும். அடுப்பில் பூனை தூங்குகிறது என்றால் வீட்டில் வறுமை என்று அர்த்தம். நாய் தூங்கினால் பனி அதிகம் என்பதைத் தவிர வேறு அர்த்தமில்லை.

இனி குட்டிகள். போன வருஷம் தையில் மணி படப்புக்கு அடியில் ஆறு குட்டி போட்டது. இரண்டு கடுவன், நாலு பெட்டை. ஊரில் எவர் வந்தாலும் முதல் கேள்வி, ‘கடுவன் இருக்கா?’ என்பதுதான். குட்டிகள் கண் திறக்க இரண்டு வாரம் ஆகும். அதற்கு முன்பே கடுவன் இரண்டுக்கும் ஆள் சொல்லிவிட்டார்கள். பெட்டையை யாரும் கேட்பதில்லை. பெட்டை வளர்த்தால் வருஷா வருஷம் குட்டி, அதற்குப் பின்னால் ஊர் நாய்கள் எல்லாம் வாசலில். காரணம் என்னவோ சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பெண் பிள்ளைகளைப் பற்றி இதே தொனியில், இதே கணக்கில் பேசியதைக் கேட்ட காது எங்களுடையது. அதனால் அந்தக் காரணத்தின் நியாயம் எனக்குக் கொஞ்சம் கூசுகிறது.

நக்கிக் குடிக்கப் பழகியதும் பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் போட்டுக் கொண்டுபோய் நாலுவழிச் சாலை ஓட்டல்களுக்குப் பின்னால் விட்டுவிட்டு வருவது வழக்கம். எங்கள் தெருவில் இதற்கென்று ஒரு பெரியவர் இருக்கிறார். கூலி வாங்கமாட்டார். ‘பாவம், பாவம்’ என்று சொல்லிக்கொண்டே சாக்கின் வாயைக் கட்டுவார். ஓட்டல் எச்சில் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும் என்பது கொள்கை. நான் தினமும் வேலைக்குப் போகிற சாலை அது. பிழைத்தவை எத்தனை என்பதை அந்தச் சாலையில் போகிற யாரும் எண்ணிக்கொள்ளலாம்.

மணி மூன்று நாள் தேடியது. முதல் நாள் வழக்கம்போலத்தான் சாப்பிட்டது. பசியில் குறைச்சல் இல்லை. பிறகு படப்புக்கு அடியில் போகும், வரும், போகும். மண்ணைப் பிறாண்டி முகர்ந்து பார்க்கும். மேலத்தெரு வீடு, தொழு, கொல்லை என்று ஒரு ஒழுங்கில் போய்விட்டு, மறுபடி அதே ஒழுங்கில் வரும். மடி கனத்து அது நின்ற இடத்திலெல்லாம் பால் சொட்டியது. அந்த இடங்களில் சற்று நேரத்தில் எறும்பு மொய்த்தது. நாலாம் நாள் நிறுத்திவிட்டது. அது துக்கப்பட்டது என்று எழுதினால் பொய் கலந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது; துக்கப்படவில்லை என்று எழுதினால் அதைவிடப் பெரிய பொய். நம் மொழியின் போதாமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக விவாதித்திருக்கிறோம். அந்த எறும்புகளைப் பார்த்தபோது எனக்கு மொழி போதாமல் இல்லை. பால், மண், எறும்பு என்ற வார்த்தைகள் போதுமானவையாக இருந்தன. அவற்றுக்கு மேல் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்ற அரிப்புதான் இடைஞ்சலாக இருந்தது.

இந்த வருஷம் ஒரு பெட்டைக் குட்டியை அம்மா கொண்டுபோகவிடவில்லை. காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கருத்தடை செய்து அதே இடத்தில் திரும்ப விட வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2001இல் வந்தது, 2023இல் புதிதாக எழுதப்பட்டது. எங்கள் கம்மாய்க்கரை வரை அந்த விதி நடந்து வந்ததில்லை. மணியைப் பக்கத்து நகரத்தின் கால்நடை மருத்துவமனைக்கு ஆட்டோவில் கொண்டுபோய் அறுவை செய்துவந்தோம். ஊரில் இரண்டு வாரம் இதுதான் பேச்சு.

மாசி பங்குனியில் நாய்கள் வீட்டில் தங்குவதில்லை. மக்காச்சோளக் காட்டில் பன்றி இறங்குகிறது. காவலுக்குப் போகிறவர்களின் பின்னால் யாரும் கூப்பிடாமலே போய்விடும். டைகரின் தொடையில் ஒரு நீளமான தழும்பு இருக்கிறது. அந்த இரவு என்ன நடந்தது என்று கூடப் போனவர்களுக்கே சரியாகத் தெரியாது.

சித்திரையில் அங்கணத்துக்குப் பக்கத்தில், தண்ணீர் வடிந்து ஈரமான மண்ணில், முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி அதில் நாள் முழுக்கக் கிடக்கும். நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதைத் தவிர உடம்புச் சூட்டைத் தணிக்க அதற்கு வேறு பெரிய வழி கிடையாது. வெயில் ஏறினால் நாய்க்கு வெறி பிடிக்கும் என்று ஊரில் நம்புகிறார்கள். வெறிக்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லை; நோயுள்ள பிராணி கடித்தால்தான் அது வரும். ஆனாலும் அந்தப் பயத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. அப்பாவைச் சின்ன வயசில் ஒரு நாய் கடித்து, தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டார்கள். ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய மருந்து. 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் நெடுங்காலம் தயாரானது. இன்று அந்த மருந்தும் இல்லை, தொப்புளும் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் கையில் போடுகிறார்கள், கடித்த அன்று தொடங்கி இருபத்தெட்டாம் நாளுக்குள் நாலு தடவை போய்வந்தால் போதும். அப்பா கடைசிவரை நாயைத் தொட்டதில்லை. ஆனால் சாப்பிட்டு எழும்போது ஒரு உருண்டைச் சோற்றை இலையில் மிச்சம் வைப்பார். அன்பு என்று சொல்ல முடியாத, பயம் என்றும் சொல்ல முடியாத அந்த உருண்டைக்கு என்ன பெயர் கொடுப்பது?

ஏனென்றால் இப்போது நம்மிடம் இரண்டே பெயர்கள்தான் மிஞ்சுகின்றன. 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொல்லி உச்சநீதிமன்றம் உத்தரவிட்டதும், பதினோரு நாளில் அதை மாற்றி, வெறியோ மூர்க்கமோ இல்லாதவற்றுக்கு ஊசி போட்டுக் கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விடச் சொன்னதும் தெரிந்த விஷயம். அந்த நாட்களில் இரண்டு தரப்பாரும் பேசியதைப் படித்தேன். கடிபட்ட குழந்தைகளின் பக்கம் பேசியவர்களை நான் குறைசொல்லத் தயாரில்லை. எனக்கு உறுத்தியது வேறு. செல்லப்பிராணி, தெருநாய் என்ற இரண்டு சொற்களுக்கு நடுவில் பேச்சு முழுக்க நடந்துமுடிந்துவிட்டது. நிலைப்படியில் முன்னங்கால் வைத்து நிற்கிற ஒன்றுக்கு அந்தப் பேச்சில் இடமே இல்லை. ஒரு உறவுக்குச் சொல் இல்லாமல் போனால் அடுத்தபடியாக உறவும் இல்லாமல் போகும். இதைக் கண்டுகொள்வது நீதிமன்றத்தின் வேலை அல்ல. எழுதுகிறவர்களின் வேலையாக இருந்திருக்கலாம்.

தாமஸ் மன் 1918இல், யுத்தம் முடிகிற வருஷத்தில், ‘எஜமானனும் நாயும்’ எழுதினார். மூனிக் நகரத்து ஓரத்தில், ஈஸர் ஆற்றங்கரையில், பவுஷான் என்ற தன் நாயோடு நடந்த நடைகள்தான் விஷயம். நாயைப் பற்றி இவ்வளவு நுட்பமாகக் கவனித்து எழுதியது குறைவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் தலைப்பே இடிக்கிறது. எஜமானன் நடக்கப் புறப்படும்போதுதான் பவுஷானின் நாள் தொடங்குகிறது. எங்கள் வாசலில் நாயை யாரும் நடத்திக்கொண்டு போவதில்லை. அது போகிறது, வருகிறது. எங்கே போய்விட்டு வருகிறது என்பதில் பாதி எனக்கு இன்றுவரை தெரியாது. ஐரோப்பிய நாயைப் படித்துவிட்டு நம் நாயை எழுதுகிறவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தையாவது மனசில் வைத்துக்கொள்ளலாம்.

ஆபீசர் பதவி உயர்வை இரண்டு தடவை வேண்டாமென்று எழுதிக்கொடுத்திருக்கிறேன். உயர்வு என்றால் மாற்றல்; மாற்றல் என்றால் இந்த வீட்டைப் பூட்ட வேண்டும். கிளையில் கேட்பவர்களிடம் அம்மாவுக்காக என்று சொல்கிறேன், அது உண்மையும்தான். மூன்றாவது தடவை பேச்சு வந்தபோது அம்மா நாய்களைக் காட்டி, “ஏய்யா, நாம போய்ட்டா இதுக யாரு வீட்டுக்காகக் கொலைக்கும்?” என்றாள். கூட்டிக்கொண்டு போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். மாடிக் குடியிருப்பில் மணி எந்த நிலைப்படியில் நிற்கும் என்று யோசித்ததும் சொல்லவில்லை. இந்த வருஷம் இன்னும் பதில் எழுதிக்கொடுக்கவில்லை.

இப்போது ஆடி. செங்கோட்டைக் கணவாய்ப் பக்கமிருந்து காற்று இரவும் பகலும் அடிக்கிறது. மற்ற மாதங்களில் என் வண்டி விலக்கில் திரும்பும்போதே இரண்டும் எழுந்துவிடும் என்று அம்மா சொல்வாள். அதைக் கணக்கு வைத்துத்தான் காப்பிக்குத் தண்ணீர் வைப்பாள். ஆடியில் இந்த ஏற்பாடு நடப்பதில்லை. நான் கிழக்கேயிருந்து வருகிறேன். மேல்காற்று வண்டிச் சத்தத்தையும் என் வாசனையையும் எனக்குப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. வாசலில் வந்து வண்டியை நிறுத்திய பிறகுதான் தலையைத் தூக்குகின்றன. தூக்கிய உடனே, யார் என்று தெரிவதற்கு முன்னால், டைகரிடமிருந்து ஒரு சின்ன உறுமல் வருகிறது.