வானை நோக்குதற்கு ஒரு கருவி

நம்மவருள் தாம் பிறந்த நட்சத்திரம் யாதென அறியாதார் அரியர். அதனை வானிற் கண்டவரோ அவரினும் அரியர். திருவாதிரை, உரோகிணி, மகம், சித்திரை, கேட்டை என்னும் பெயர்கள் பஞ்சாங்கத்திலும் சாதகக் குறிப்பிலும் திருமணப் பொருத்தத்திலும் ஓயாது வழங்குகின்றன. ஆயின், இப்பெயர்களுக்குரிய ஒளிப்புள்ளிகள் தலைக்கு மேலே நாள்தோறும் எழுந்து மறைகின்றன என்னும் நினைவு நம்மிடையே மங்கிவிட்டது. சொல் எஞ்சிப் பொருள் மறைந்த இந்நிலை மொழியையும் பண்பாட்டையும் பயில்வோர் கவலைகொள்ள வேண்டிய ஒன்றாகும்.

கலைப்பீடத்தில் இலக்கியம் பயிலும் ஒருவருக்கு வானியலில் என்ன வேலை என்று நண்பர் பலர் என்னை வினவியதுண்டு. இதற்கு அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றே விடையாகும். 2019 ஆம் ஆண்டின் இறுதியில் திருவாதிரை விண்மீன் மங்கத் தொடங்கியது. 2020 ஆம் ஆண்டு மாசி மாதமளவில் அதன் வழமையான ஒளியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே எஞ்சியது. அவ்விண்மீன் வெளியே உமிழ்ந்த பொருள் குளிர்ந்து தூசாகி ஒளியை மறைத்தமையே காரணமெனப் பின்னர் ஆய்வாளர் விளக்கினர். அந்நாட்களில் நாள்தோறும் அதன் ஒளியை அயல் விண்மீன்களோடு ஒப்பிட்டுக் குறித்தவர்களுட் பெரும்பாலார் ஊதியம் பெறாத ஆர்வலரே. 1911 இல் நிறுவப்பட்ட அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்குநர் சங்கம் இத்தகையோரின் குறிப்புகளை நூறாண்டுக்கு மேலாகத் தொகுத்து வருகின்றது. திருவாதிரையின் மாற்றத்தைக் காண எக்கருவியும் வேண்டியிருக்கவில்லை. வெறுங்கண்ணும் பொறுமையுமே போதுமாயிருந்தன. ஆதிரை நாளைக் கொண்டாடும் நம்முள் எத்துணைப் பேர் அதனைக் கண்டோம்?

இத்தகைய முயற்சி நம் மண்ணுக்குப் புதியதுமன்று. 1867 இற் கொழும்பிற் பிறந்த பேர்சி மோல்ஸ்வேர்த் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி திருகோணமலையிற் பணியாற்றிய காலத்திற் பன்னிரண்டரை அங்குல ஆடியுடைய தொலைநோக்கியால் வியாழனையும் செவ்வாயையும் இரவுதோறும் நோக்கினார். 1901 இல் வியாழனின் தென்பாகத்தே தோன்றிய பெருங்கலக்கம் ஒன்றை அவர் கண்டு அறிவித்தார். அக்கலக்கம் பின்னர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீடித்தது. செவ்வாயின் பள்ளம் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்குகின்றது. அவர் வானியலைத் தொழிலாகக் கொண்டவரல்லர் என்பது கருதத்தக்கது.

வானை நோக்க விழைவோர் முதலில் வாங்க வேண்டியது யாது? தொலைநோக்கி என்றே பலரும் எண்ணுவர். எனது கருத்து வேறு. பைனாக்குலர் என்று யாவரும் வழங்கும் இருகண் தொலைநோக்கியே தொடக்கத்துக்கு உகந்தது. அதன் உடலிற் பொறித்திருக்கும் 10×50 என்னும் குறியில் முன்னைய எண் உருப்பெருக்கத்தையும் பின்னைய எண் முன்வில்லையின் விட்டத்தை மில்லிமீற்றரிலும் சுட்டும். இரண்டாம் எண்ணை முதலாம் எண்ணால் வகுத்தால் கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 10×50 கருவிக்கு அது 5 மில்லிமீற்றர். 7×50 கருவிக்கு ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். இருளில் இளையோரின் கண்மணி ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் வரை விரியும். வயது ஏற ஏற அது குறையும். எனவே மூத்தோருக்கு 7×50 கருவி தரும் ஒளி முழுவதும் பயன்படுவதில்லை. பத்து மடங்குக்கு மேற்பட்ட உருப்பெருக்கமோ கையின் நடுக்கத்தையும் சேர்த்துப் பெருக்கும்; அதற்கு முக்காலி இன்றியமையாதது. ஆகவே 10×50 என்பது நடுநிலையான தெரிவாகும். 50 மில்லிமீற்றர் வில்லை 7 மில்லிமீற்றர் கண்மணியிலும் ஏறத்தாழ ஐம்பது மடங்கு ஒளியைத் திரட்டும் என்பதை எண்ணினால் இக்கருவியின் ஆற்றல் விளங்கும். 1996 இல் யப்பானிய ஆர்வலர் யூஜி ஹியாகுதாகே தம் பெயர் பூண்ட வால்வெள்ளியைக் கண்டதும், பெரியதாயினும், இருகண் தொலைநோக்கி ஒன்றினாலேயே.

நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் வாழும் நமக்கு வானம் பெருங்கொடை வழங்கியுள்ளது. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த தை, மாசி மாத இரவுகளில் மிருகசீரிடமும் திருவாதிரையும் உச்சியில் நிற்கும். அவற்றின் அருகே வேட்டுவன் உடைவாளில் ஒளிமுகில் ஒன்று புகைபோற் படர்ந்திருக்கும். சித்திரை, வைகாசியில் தெற்கே எழும் ஒமேகா சென்ரோறி என்னும் விண்மீன் திரளை ஐரோப்பாவின் பெரும்பகுதியில் வாழ்வோர் காணவே இயலாது. யாழ்ப்பாணத்திலோ அது தொடுவானுக்கு மேல் 30 பாகைக்கும் அதிகமாக உயரும். வியாழனின் நான்கு துணைக்கோள்களையும், சந்திரனின் பள்ளங்களையும், இருபத்தைந்து இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அந்திரோமேடாப் பால்வெளியையும் இதே கருவி காட்டும்.

சென்ற விடுமுறையில் இத்தகைய கருவியொன்றை வீட்டுக்குக் கொண்டு சென்றேன். என் தாயார் பிறந்த நட்சத்திரம் கார்த்திகை. முற்றத்துக்கு வருமாறு அழைத்தபோது அவர் தயங்கினார். "நாங்கள் மேலை பார்த்தது பொம்பர் வருதோ எண்டுதான் பிள்ளை" என்றார். 1990களிற் குடாநாடு மின்சாரமின்றி இருண்டிருந்த ஆண்டுகள் அவருடைய இளமைக்காலம். இன்று நாம் தேடியலையும் இருள் அன்று அவருக்கு நிறைவாகவே கிடைத்தது. அதனை அச்சமின்றி நோக்கும் உரிமையே கிடைக்கவில்லை. நெடுநேரம் வற்புறுத்தியபின் கருவியைக் கண்ணிற் பொருத்திக் கொண்டார். வெறுங்கண்ணுக்கு ஆறாய்த் தோன்றும் கார்த்திகை அதனுள் பல பத்து நீலப் பொறிகளாய் விரிந்தது. நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "இவ்வளவும் அப்பவும் அங்கை இருந்ததோ?" என்று மட்டும் கேட்டார். கருவிகளின் விலையையும் தரத்தையும் பற்றி நான் வாசித்தறிந்த யாவற்றினும் அவ்வொரு வினா எனக்குப் பெரிதாயிற்று.

இருகண் தொலைநோக்கியால் ஓராண்டேனும் வானைப் பழகியவர் அடுத்துத் தொலைநோக்கியை நாடலாம். சனியின் வளையத்தைத் தெளிவாகக் காண ஏறத்தாழ முப்பது மடங்கு உருப்பெருக்கம் வேண்டுமாகையால் அவ்வாசை இயல்பானதே. ஆயின் பெட்டியின்மேல் ஐந்நூறு மடங்கு எனப் பெரிதாய் அச்சிட்ட சிறு தொலைநோக்கிகளை விலக்குதல் நன்று. தொலைநோக்கியின் உயிர் உருப்பெருக்கத்தில் இல்லை. ஒளியைத் திரட்டும் வில்லையின் அல்லது ஆடியின் விட்டத்தில் உள்ளது. ஒரு மில்லிமீற்றர் விட்டத்துக்கு இரு மடங்கு என்பதே பயன்தரும் உருப்பெருக்கத்தின் எல்லையாகும். எனவே 60 மில்லிமீற்றர் கருவி 120 மடங்கைத் தாண்டினால் உருவம் பெரிதாகுமேயன்றித் தெளிவாகாது. 150 மில்லிமீற்றர் ஆடியோ அதனினும் ஆறு மடங்குக்கு மேல் ஒளி திரட்டும். அதன் குவியத்தூரம் 1200 மில்லிமீற்றராயின் 25 மில்லிமீற்றர் பார்வைத்துண்டு 48 மடங்கும், 10 மில்லிமீற்றர் பார்வைத்துண்டு 120 மடங்கும் தரும்.

கருவியைத் தாங்கும் பீடமும் அதே அளவு முதன்மையானது. ஆடுகின்ற பீடத்தில் எவ்வளவு சிறந்த ஆடியும் வீணே. சான் பிரான்சிஸ்கோவில் வேதாந்த மடத்துத் துறவியாய் வாழ்ந்த யோன் டொப்சன் (1915–2014) பழைய கப்பற் சாளரக் கண்ணாடிகளைத் தேய்த்து ஆடியாக்கி, எளிய மரப்பெட்டிப் பீடத்தில் ஏற்றித் தெருவோரத்தில் நிறுத்தி, வழிப்போக்கர் யாவர்க்கும் சனியையும் சந்திரனையும் காட்டினார். அவர் பெயரால் வழங்கும் அப்பீட அமைப்பே இன்றும் தொடக்கநிலையாளர்க்கு ஏற்றது. அண்மைக்காலத்தில் தாமே பொருளைத் தேடிக் கைப்பேசித் திரைக்குப் படம் அனுப்பும் தொலைநோக்கிகளும் வந்துள்ளன. அவை பயனுடையனவே, எனினும் படத்தைக் காண்பதும், பல்லாண்டு பயணித்த ஒளியைத் தன் கண்ணிலே ஏற்பதும் ஒன்றல்ல.

இரண்டு எச்சரிக்கைகள் அவசியமானவை. எக்கருவியாலும் சூரியனை நேரே நோக்கலாகாது. முன்வில்லையை முற்றாக மூடும் உரிய வடிகட்டி இல்லையேல் கணப்பொழுதிற் பார்வை பறிபோகும். 2010 தையிலும் 2019 மார்கழியிலும் வட இலங்கையிற் காணப்பட்ட கங்கண சூரிய கிரகணங்களைப் போன்றவை மீண்டும் வருங்கால் இது நினைவில் இருத்தற்குரியது. நம் நாட்டின் ஈரக்காற்றால் வில்லைகளிற் பூஞ்சணம் படர்தலும் எளிது. எனவே கருவியைச் சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வைத்தல் வேண்டும்.

மாணவர் ஒருவர் தனித்து வாங்குவதற்கு இருகண் தொலைநோக்கியும் எளிதன்று. ஆயின் ஒரு சங்கமோ, கிராமத்து வாசிகசாலையோ அதனை வாங்குதல் இயலும். நூல்களை இரவல் கொடுப்பதுபோல அதனையும் கொடுக்கலாம். நம் ஊர்களிற் தெருவிளக்குகள் பெருகி வருகின்றன, அவை வேண்டற்பாலனவே. எனினும் அவற்றின் ஒளி வானை முற்றாக மூடிவிடுமுன், அச்சமின்றி மேலே நோக்க வாய்ப்புப் பெற்ற முதலாவது தலைமுறையினராகிய நாம், பஞ்சாங்கத்துப் பெயர்களுக்கு உரியவற்றை ஒருமுறையேனும் கண்டுகொள்ளுதல் கடனாகும்.