ராட்பர்ன்: முன்வாசல் பூங்காவைப் பார்க்கும் ஊர்

அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் வசிக்கும் என் தமக்கை மகன், நான் சென்று இறங்கிய மூன்றாம் நாள் தபாலில் வந்த ஒரு கடிதத்தை மேசைமேல் எறிந்தான். அவன் வீடு இருக்கும் குடியிருப்பின் உரிமையாளர் சங்கம் அனுப்பியது. வரும் ஆண்டு முதல் பராமரிப்புச் சந்தா உயர்கிறது; உள்சாலைகளுக்குப் புதிதாகத் தார் போட வேண்டியிருக்கிறது என்று அதில் கண்டிருந்தது.

"வங்கிக்குத் தவணை, நகராட்சிக்கு வரி, அதற்கு மேல் இது வேறு, மாமா! கட்டாமல் விட்டால் கடன் வீட்டின் மேலேயே ஏறும். முற்றினால் வீடு ஏலத்துக்கும் போகலாம்" என்றான்.

சொந்த வீட்டுக்குள் இருப்பவனிடம் இப்படிக் கேட்க இவர்கள் யார் என்ற கேள்வி எனக்கும் எழுந்தது. "இதற்கெல்லாம் வழிகாட்டிய ஊர் பக்கத்தில்தான் இருக்கிறது, வாருங்கள்" என்று ஞாயிறு காலை என்னைக் காரில் அழைத்துச் சென்றான்.

பெர்கன் கவுண்டியில் ஃபேர் லான் என்னும் சிற்றூரின் ஒரு பகுதி ராட்பர்ன். சிறிய ரயில் நிலையம், அதனருகே கடிகாரக் கோபுரத்துடன் ஒரு செங்கல் கட்டடம். தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. அந்தக் கவுண்டியில் ஞாயிற்றுக்கிழமை ஜவுளி, மரச்சாமான் முதலிய கடைகளைத் திறக்கக் கூடாதென்று பழைய சட்டம் ஒன்று இன்றும் நடைமுறையில் உள்ளதாம். பேரங்காடிகளுக்குப் பேர்போன நாட்டில் இப்படியும் ஓர் இடம் இருப்பது எனக்கு வியப்பாகவே இருந்தது.

ஊருக்குள் நுழைந்ததும் என்னை முதலில் குழப்பியவை வீடுகள்தாம். தெருவிலிருந்து பார்த்தால் எல்லாம் முதுகைக் காட்டி நிற்கின்றன. கார் கொட்டகையும் சமையலறையும் குறுகிய முட்டுச்சந்தைப் பார்த்திருக்கின்றன. வீட்டைச் சுற்றிக்கொண்டு மறுபுறம் சென்றால்தான் முன்வாசல் தெரிகிறது. அதன் எதிரே தெரு இல்லை; சுவரோ வேலியோ இல்லாத நெடும் பூங்கா ஒன்று விரிந்து கிடக்கிறது. கூடமும் படுக்கையறைகளும் அந்தப் பசுமையை நோக்கியே அமைந்திருக்கின்றன. இலையுதிர் காலமாதலால் மேப்பிள் மரங்கள் செந்நிறத்தில் நின்றன. ஒரு பாட்டி பெஞ்சில் அமர்ந்திருக்க, பேரப்பிள்ளைகள் கண்காணிப்பார் யாருமின்றிச் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே கார் வர வழியே இல்லை. நடைபாதை பெரிய சாலையைச் சந்திக்கும் ஹோவர்ட் அவென்யூவில், சாலைக்கு அடியிலேயே சுரங்கப்பாதை குடைந்திருக்கிறார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளை வாகனச் சாலையைக் கடக்காமலே போய் வரலாம். அந்தச் சுரங்கப்பாதைக்குள் நின்று தலைக்கு மேல் கார் ஓடும் ஓசையைக் கேட்டபோது, எங்கள் ஊர்க் கடைவீதியில் பிள்ளைகளைக் கைப்பிடித்துச் சாலை கடக்க வைக்கும் தாய்மார்கள் என் நினைவில் வந்து போனார்கள்.

கிளாரன்ஸ் ஸ்டைன், ஹென்றி ரைட் என்ற இரு வல்லுநர்கள் வகுத்த திட்டம் இது. மோட்டார் வாகனம் பெருகிய காலத்தில் மனிதன் அமைதியாக வாழ ஓர் ஊர் வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். கீரை பயிரிட்ட வயல்களில் இருபத்தையாயிரம் பேருக்கு ஊர் எழுப்பத் தொடங்கினார்கள். 1929-இல் முதல் குடும்பங்கள் வந்தன. அதே ஆண்டு இறுதியில் நாடே பொருளாதார வீழ்ச்சியில் விழுந்தது. கட்டிய நிறுவனமான சிட்டி ஹவுஸிங் கார்ப்பரேஷன் சில ஆண்டுகளில் திவாலாயிற்று. திட்டமிட்டதில் சிறு பகுதியே எழுந்தது. இன்று அங்கு வசிப்போர் மூவாயிரத்துச் சொச்சம் பேர்தாம்.

கட்டியவன் திவாலான பின் பூங்கா எப்படிப் பிழைத்தது? விடை சந்தாவில் இருக்கிறது. சார்லஸ் ஆஷர் என்ற வழக்கறிஞர் ஒவ்வொரு மனையின் பத்திரத்திலும் ஒரு நிபந்தனையை எழுதி வைத்திருந்தார். வீட்டை வாங்குபவர் பொதுச்செலவில் தம் பங்கைச் சங்கத்துக்கு ஆண்டுதோறும் செலுத்தவேண்டும். விற்றால் அந்தக் கடமை வாங்குபவரைச் சாரும். இத்தகைய ஏற்பாடு அதற்கு முன்பும் சில இடங்களில் உண்டு. எனினும் பிற்காலத்தில் நாடெங்கும் எழுந்த குடியிருப்புகள் பலவற்றுக்கு மாதிரியாக அமைந்தது ராட்பர்ன்தான். அந்தச் சந்தாதான் இருபத்து மூன்று ஏக்கர் பூங்காக்களையும் இரு நீச்சல் குளங்களையும் விளையாட்டுத் திடல்களையும் இன்றுவரை காத்து நிற்கிறது. 2005-இல் அரசு இவ்வூரைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

இதுவரை கேட்டு நான் மனம் நிறைந்திருக்க, மருமகன் மறுபக்கத்தைச் சொன்னான். பணம் கட்டுவது எல்லோரும். ஆனால் சங்கத்தின் உறுப்பினர்கள் எல்லோரும் அல்லர். பழைய விதிப்படி, அறங்காவலராக இருப்பவர்களும் முன்பு இருந்தவர்களுமே உறுப்பினர். தேர்தலுக்கு வேட்பாளர்களை நிறுத்துவதும் அவர்களே. குடியிருப்போர் சிலர் நீதிமன்றம் சென்றார்கள். கூட்டங்கள் திறந்திருக்க வேண்டும், கணக்கைக் காட்ட வேண்டும் என்ற அளவில் அவர்களுக்கு நியாயம் கிடைத்தது. உறுப்புரிமை விஷயத்தில் 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சங்கத்தின் பக்கமே நின்றது.

எனக்கு எங்கள் மஹல்லா நினைவு வந்தது. ஜமாஅத்தில் சந்தா பாக்கி வைத்தவர் பொதுக்கூட்டத்தில் எழுந்து பேசினால், "முதலில் பாக்கியைக் கட்டுங்கள்" என்று யாராவது அடக்கிவிடுவார்கள். அதே வேளை, ஒழுங்காகச் சந்தா கட்டிய ஏழை தள்ளுவண்டிக்காரர் எழுந்து முத்தவல்லியிடம் கணக்குக் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். எங்கும் அப்படித்தான் நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. நடக்கவேண்டிய முறை அது. ராட்பர்னில் அது நடக்க ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. 2017-இல் நியூ ஜெர்ஸி அரசு சட்டத்தைத் திருத்தி, இத்தகைய சங்கங்களில் வீட்டுரிமையாளர் அனைவரும் உறுப்பினரே, வாக்களிக்கவும் வேட்பாளராகவும் உரிமை உடையவரே என்று அறிவித்தது. மக்கள் வழக்கில் அதற்கு ராட்பர்ன் சட்டம் என்றே பெயர்.

"அப்படியானால் சந்தாவை உயர்த்தாதே என்று எல்லோரும் கூடி வாக்களித்துவிடலாமே?" என்று கேட்டேன்.

அவன் சிரிக்கவில்லை. ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடு நகரில் 2021 ஜூன் 24 அதிகாலையில் இடிந்து விழுந்த பன்னிரண்டு மாடி அடுக்ககத்தை நினைவூட்டினான். தொண்ணூற்றெட்டுப் பேர் இடிபாடுகளில் சிக்கி மாண்டார்கள். நீச்சல் குளத்தளத்தின் கீழே கான்கிரீட் பழுதுபட்டிருப்பதாக 2018-இலேயே பொறியாளர் எழுதிக் கொடுத்திருந்தார். ஒன்றரைக் கோடி டாலர் வசூலித்துப் பழுது பார்க்கச் சங்கம் ஒப்புக்கொண்டது 2021 ஏப்ரலில். இடையில் போன ஆண்டுகளில் தொகையைப் பற்றிய விவாதமும் பூசலுமே நடந்தன. இடிவுக்குக் காரணங்கள் பல, வடிவமைப்பிலேயே குறைகள் இருந்தன. ஆயினும் அந்தத் தாமதத்தை யாரும் மறக்கவில்லை. நியூ ஜெர்ஸியிலும் 2024-இல் சட்டம் வந்தது: சங்கங்கள் பொதுச்சொத்தின் ஆயுளைக் கணக்கிட்டு, பழுதுக்கென முப்பது ஆண்டுக்குச் சேமநிதி திட்டமிட வேண்டும்.

பூங்காப் பெஞ்சில் அமர்ந்து அந்தக் கடிதத்தை அவனிடம் வாங்கிப் படித்தேன். முதல் பக்கத்தைத்தான் அவன் படித்திருந்தான். இரண்டாம் பக்கத்தில் தார்ச்சாலை, மழைநீர் வடிகால், தெருவிளக்கு என்று வரிசையாக ஆண்டும் தொகையும் இருந்தன. கடைசி வரியில், அடுத்த மாதப் பொதுக்கூட்டத்தின் தேதியும் நேரமும்.

"போயிருக்கிறாயா?" என்றேன்.

"வீடு வாங்கி ஆறு ஆண்டாகிறது மாமா, ஒரு முறைகூடப் போகவில்லை" என்றான். பிறகு கைப்பேசியை எடுத்து அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டான். சைக்கிள் விட்ட பிள்ளைகள் சுரங்கப்பாதை வழியே மறுபக்கம் போய்க்கொண்டிருந்தார்கள்.