பின்புறம் தாழ்ந்த வண்டி

புனேயில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குக் கார் என்பது பெரும்பாலும் வசதியின் அடையாளம். நமக்கோ அது தந்தையாரின் நினைவு. இரயில்வே ஊழியராக இருக்கும்போதே 2009-இல் அவர் காலமானார். பத்தாம் வகுப்புத் தேறியிருந்த நமக்குக் கருணை அடிப்படையில் எழுத்தர் வேலை கிடைத்தது. வேலையோடு, அவர் பழையதாக வாங்கியிருந்த 1989-ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினியும் நம் பொறுப்பில் வந்தது. இத்தாலிய ஃபியட் 1100-இன் வழியில் மும்பைக் குர்லாவில் பிறந்த வண்டி அது. 2023 அக்டோபரில் மும்பை நகரமே தன் பத்மினி டாக்ஸிகளுக்கு விடைகொடுத்துவிட்டது. நமக்கு மனம் வரவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் வண்டியின் பின்புறம் தாழ்ந்துபோயிற்று. தெருப் பிள்ளைகள் நகைத்தனர். நாமும் வீம்புக்கு ஆட்பட்டு, ஒரு பட்டறையில் பக்கத்துக்கு ஒன்றாகக் கூடுதல் பட்டை சேர்க்கச் சொன்னோம். ஒரே பகலில் வேலை முடிந்தது. வண்டி வாலைத் தூக்கிக்கொண்டு சேவல்போல் நின்றது. நமக்குப் பெருமை தாளவில்லை.

ஆனால் பின் இருக்கையில் அமர்பவர் அன்னையார். முதுகெலும்புத் தேய்மானம் உள்ளவர். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டி எகிறிக் குதித்தது. அவர் வாய் திறந்து குறை கூறவில்லை. ஒரு மாதம் சென்றபின், "நீ போப்பா, நான் பஸ்ஸிலேயே கோயிலுக்கு வந்துவிடுகிறேன்" என்றார். பிறகு மெல்ல, "அப்பா ஓட்டும்போது இது இப்படிக் குதித்ததில்லை" என்றும் சொன்னார். அந்தச் சொல் நம் நெஞ்சில் தைத்தது.

தாபோடிப் பக்கம் ஒரு முதிய மராத்தி மிஸ்திரி இருக்கிறார். "காகா, நீங்கள்தான் பார்க்க வேண்டும்" என்று அவரிடம் வண்டியை ஒப்படைத்தோம். அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "பாளா, வண்டியை உயர்த்திவிட்டாய், உட்காருபவர்களை மறந்துவிட்டாய்" என்றார்.

அவர் விளக்கியதை வாசக அன்பர்களுக்கும் சொல்லுவோம். பத்மினியின் பின் அச்சு இரு பக்கமும் பட்டை அடுக்குகளின்மேல் அமர்ந்தது. மராத்தியர் இவற்றைப் பாட்டே என்பர். நீண்ட முதற் பட்டையின் முன்முனை வண்டியின் அடிப்பாகத்தில் ஊன்றியிருக்கும். பாரம் ஏறும்போது வில் நிமிர்ந்து நீளுமாதலால், பின்முனை ஷேக்கிள் என்னும் ஊஞ்சலில் தொங்கும். பட்டை கூடினால் பாரம் தாங்கும். ஆனால் வளையும் குணம் குறையும். முனைகளில் உள்ள ரப்பர் புஷ்களோ முறுக்கிக் கொடுத்து அசைய வேண்டியவை. முந்தைய பட்டறையில், ஜாக்கியில் அச்சு அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டுகளை முற்ற இறுக்கிவிட்டிருந்தனர். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்குண்டு, சில மாதங்களில் கிழிந்துபோயிருந்தது.

காகா கூடுதல் பட்டைகளைக் கழற்றி எறிந்தார். தளர்ந்த பட்டைகளைத் தீயில் காட்டாமல் சம்மட்டியாலேயே வளைவு கொடுத்தார். முறையின்றிச் சூடேற்றினால் எஃகின் பதம் போய்விடுமாம். இடையே கிராஃபைட் கிரீஸ் தடவிப் புதிய புஷ்களைப் பொருத்தினார். முன் போல்ட்டிலிருந்து அச்சு வரை இரு பக்கமும் நாடாவால் அளந்து, தூரம் சமம் என்று கண்டபின் யூ போல்ட்டுகளை முடுக்கினார். முனை போல்ட்டுகளை மட்டும் இறுக்காமல் வண்டியைத் தரையில் இறக்கி, "நாளைக் காலையில் அம்மாவை அழைத்து வா" என்றார்.

மறுநாள் அன்னையாரைப் பின் இருக்கையில் அமரச் செய்தார். அவர் பாரத்தில் பட்டைகள் தம் இயல்பான நிலைக்கு வந்தபின்னரே கடைசிப் போல்ட்டுகளை இறுக்கினார். ஒரு வண்டியின் சரியான உயரத்தை அதில் பிரயாணம் செய்பவர் இருக்கும்போதுதான் அறிய முடியும் என்பது அன்றுதான் நமக்கு விளங்கிற்று.

பெரிய நிறுவனங்களும் இவ்விஷயத்தில் பாடம் படித்திருக்கின்றன. அமெரிக்காவில் 1967-ஆம் ஆண்டு ஷெவர்லே கமாரோவுக்குப் பின்புறம் பக்கத்துக்கு ஒரே பட்டை வைத்தார்கள். வலிய என்ஜின் அச்சை முறுக்கப் பட்டை நெளிந்து சக்கரம் துள்ளியது. அடுத்த ஆண்டே வலிமை மிக்க வண்டிகளுக்குப் பல பட்டைகள் கொடுத்து, ஷாக் அப்சார்பர்களில் ஒன்றை அச்சுக்கு முன்னும் மற்றதைப் பின்னுமாக மாற்றி அமைத்தார்கள். அவர்களுக்குப் பட்டை போதாமல் துள்ளியது. நமக்கோ மிகுந்து துள்ளியது.

நம் அலுவலகக் காகிதங்களிலும் இந்த நீதி உண்டு. அகலப்பாதைப் பெட்டியின் பஃபர் உயரம் தண்டவாளத்திலிருந்து 1105 மில்லிமீட்டருக்கு மிகாமலும் 1030-க்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். உயரத்துக்கும் எல்லை உண்டு என்பதைப் பல ஆண்டுகள் எழுதிக்கொண்டிருந்தும், சொந்த வண்டியில் மறந்தோம்.

சென்ற மாதம் சத்தாரா சாலையில் காத்ரஜ் கணவாய் ஏறினோம். வேகத்தடை ஒன்றைத் தாண்டிய பின் அச்சத்தோடு கண்ணாடியில் பார்த்தோம். அன்னையார் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தார்.