தென்சுவரில் அப்பும் வண்டுகள்

அக்டோபரில் முதல் உறைபனி விழுந்து, அதன் பின் இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் அடித்தால் போதும். விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் நாங்கள் குடியிருக்கும் பகுதி வீடுகளில், தெற்கும் மேற்கும் பார்த்த சுவர்களெல்லாம் பொறிவண்டுகளாக அப்பிக்கொள்ளும். ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள் என்று பல நிறம். சிலவற்றின் முதுகில் பத்தொன்பது புள்ளிகள்; சிலவற்றில் ஒன்றுகூட இருக்காது. பிற்பகலில் சுவரில் ஊர்ந்துகொண்டிருப்பவை மாலைக்குள் காணாமல் போகும். போன இடம் வீட்டுக்குள். சன்னல் சட்டத்தின் ஓரம், மின்விளக்குப் பெட்டியின் பின்புறம், கூரையும் சுவரும் சேரும் இடுக்கு என்று கிடைத்த வழியில் நுழைந்து சுவரின் உட்கூட்டில் ஒடுங்கிவிடும். சனவரியில் வெளியே எல்லாம் உறைந்து கிடக்க, உள்ளே ஹீட்டரின் சூட்டில் விழித்துக்கொண்டு சன்னல் கண்ணாடியில் வந்து மோதும். தொட்டால் கால் மூட்டுகளிலிருந்து மஞ்சள் நீரைக் கசிய விடும். அந்த நாற்றம் கையை விட்டுப் போக நேரமாகும். வெள்ளைச் சுவரில் பட்ட கறையோ போகவே போகாது.

இது எங்கிருந்து வந்தது என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் ஒரே பதில்தான்: அரசாங்கம் ரகசியமாகக் கொண்டுவந்து விட்டுவிட்டது. யார், எப்போது, எதற்காக என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. எங்கள் தெருவில், பால் பண்ணை நடத்தி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் சொன்னதுதான் என்னைத் தேட வைத்தது. அவர் சிறுவனாக இருந்தபோது வைக்கோல் புல்வெளியில் பொறிவண்டுகளைப் பார்த்திருக்கிறார், கையில் ஏற்றி விளையாடியிருக்கிறார். ஒன்றுகூட வீட்டுக்குள் வந்து அவருக்கு நினைவில்லை. இந்தக் கூட்டம் வரத் தொடங்கியது 1990களில்தான் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

முதலில் அது எந்த வண்டு என்று தெரிய வேண்டியிருந்தது. தலைக்குப் பின்னால் உள்ள வெள்ளைக் கழுத்துப் பட்டையில் ஆங்கில ‘எம்’ எழுத்தைப் போன்ற கரிய குறி இருந்தால், அது ஹார்மோனியா ஆக்ஸிரிடிஸ் என்னும் ஆசியப் பொறிவண்டு. எங்கள் சன்னலில் பிடித்தவற்றில் அந்தக் குறி தெளிவாகத் தெரிந்தது. அதன் பூர்வீகம் தெற்குச் சைபீரியா, சீனா, கொரியா, ஜப்பான். கடலுக்கு அப்பாலிருந்து வந்தது என்ற வரையில் தெருவார் சொன்னது சரி.

ரகசியம் என்பது மட்டும் சரியில்லை. பழைய வேளாண் அறிக்கைகளைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோது, ஒளிவுமறைவில்லாமல் எல்லாமே அச்சில் இருப்பதைக் கண்டேன். 1916இல் கலிபோர்னியாவில் இந்த வண்டை முதன்முதலாக விட்டிருக்கிறார்கள். 1964-65இல் மறுபடியும். 1978 முதல் 1982 வரை அமெரிக்க வேளாண் துறை கிழக்கிலும் தெற்கிலும் பல மாநிலங்களில் விட்டது. ஜார்ஜியாவில் பெக்கான் மரங்களில் அசுவினியைத் தின்னட்டும் என்பது நோக்கம். பூச்சிமருந்தைக் குறைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், சம்பளம் வாங்கும் அலுவலர்கள் பகல் வெளிச்சத்தில் செய்த வேலை இது.

இந்த எண்ணம் வேரூன்றிய இடத்தைத் தேடிப்போனால் 1888க்குப் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. பொறிவண்டின் வரலாற்றில் நான் அதிக நேரம் நின்றதும் அங்கேதான். அந்தக் காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் ஆரஞ்சுத் தோட்டங்களை, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஐசீரியா என்னும் பஞ்சுபோன்ற செதில்பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. விவசாயிகள் மரங்களை வெட்டி எரித்தார்கள். அமெரிக்க வேளாண் துறையின் பூச்சியியல் தலைவர் சார்லஸ் ரைலி, நோய் பிறந்த ஊரிலேயே மருந்தும் இருக்கும் என்று நம்பினார். ஆல்பர்ட் கோபெல் என்ற பூச்சியியலாளர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறி, அந்தச் செதில்பூச்சியைத் தின்னும் வெடாலியா என்ற சிறு பொறிவண்டை அனுப்பிவைத்தார். முதல் தவணைகளில் உயிரோடு வந்து சேர்ந்தவை 129. துணிக்கூடாரம் போட்டு மூடிய ஓர் ஆரஞ்சு மரத்தில் அவற்றை விட்டார்கள். மரம் சுத்தமானதும் கூடாரத்தைத் திறந்துவிட்டார்கள். 1889 முடிவதற்குள் தோட்டங்கள் மீண்டுவிட்டன. உலக வேளாண் வரலாற்றில் இவ்வளவு மலிவாகவும் விரைவாகவும் கிடைத்த வெற்றி வேறு உண்டா என்பது சந்தேகம்தான்.

நம் நீலகிரிக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. தோல் பதனிட உதவும் பட்டைக்காக அங்கே வளர்த்த வாட்டில் மரங்களில் அதே ஐசீரியா 1920களில் பரவியது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் அதே வெடாலியா வண்டைத் தருவித்து விட்டார்கள், அடங்கியது. ஊட்டியில் யாரும் அந்த வண்டைப் பற்றிப் புகார் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆகவே பொறிவண்டு என்றாலே நன்மை என்ற நம்பிக்கை வந்துவிட்டது. அந்த நம்பிக்கை ஒன்றைக் கவனிக்கத் தவறியது. வெடாலியாவுக்கு ஐசீரியா இனத்தை விட்டால் வேறு உணவு அநேகமாக இல்லை. இரை குறைந்தால் அதுவும் குறையும். ஆசியப் பொறிவண்டு அப்படியல்ல. அசுவினி, செதில்பூச்சி, மற்றப் பூச்சிகளின் முட்டை, புழு, ஏன், பிற பொறிவண்டுகளின் குஞ்சுகள் எல்லாம் அதற்கு உணவு. இலையுதிர் காலத்தில் பழுத்து வெடித்த திராட்சையையும் தின்னும். கனடாவின் ஒன்டாரியோவில் 2001இல், திராட்சைக் குலையோடு நசுங்கிய வண்டுகளால் ஒயினின் சுவையே கெட்டது. மஞ்சள் நீரில் நாறுகிற மெத்தாக்ஸிபைரசின் என்ற பொருள்தான் அதற்குக் காரணம்.

சரி, 1916இல் விட்டது 1990களில் ஏன் வந்தது? இங்கேதான் தேடல் சிக்கலாகியது. விட்ட இடங்களில் வண்டு நிலைத்ததாக நெடுங்காலம் அடையாளமே இல்லை. தானாகப் பெருகி வாழும் கூட்டத்தை முதன்முதலில் கண்டது 1988இல், லூசியானா மாநிலத்தில், நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்துக்கு அருகில். அதனால் ஆய்வாளர்களிடம் இரண்டு கருத்துகள் எழுந்தன. வேளாண் துறை விட்டவற்றின் சந்ததி என்பது ஒன்று. ஆசியாவிலிருந்து சரக்குக் கப்பலில் தற்செயலாக ஏறி வந்தவை என்பது மற்றொன்று.

2010இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் முன்னின்று வெளியிட்ட மரபணு ஆய்வு இதை வேறு பக்கத்திலிருந்து பார்த்தது. வட அமெரிக்காவின் கிழக்கிலும் மேற்கிலும் உள்ள வண்டுகள் ஆசியாவிலிருந்து தனித்தனியாக வந்து நிலைத்தவை என்று அது காட்டியது. அதைவிட என்னை அதிரவைத்தது அடுத்த முடிவு. ஐரோப்பா, தென் அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களில் பரவிய வண்டுகளின் மூலம் ஆசியா அல்ல. கிழக்கு அமெரிக்கக் கூட்டம்தான். நியூ ஆர்லியன்ஸ் பக்கம் காலூன்றியது அங்கிருந்து உலகம் முழுவதும் கிளம்பியிருக்கிறது. பிரிட்டனுக்கு 2004இல் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஐந்தே ஆண்டுகளில் அந்நாட்டின் இருபுள்ளிப் பொறிவண்டு 44 விழுக்காடு குறைந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. வீட்டுக்குள் வண்டு வருகிறது என்று நாம் சலித்துக்கொள்வதெல்லாம் இந்த இழப்பின் முன்னால் மிகச் சிறியது.

வீட்டுக்குள் ஏன் வருகிறது என்ற கேள்விக்கு விடை அதன் சொந்த ஊரிலேயே இருக்கிறது. வடகிழக்கு ஆசியாவில் இலையுதிர் காலத்தில் இந்த வண்டுகள் கூட்டமாக மலைகளை நோக்கிப் பறக்கும். வெயில் படும் பாறை முகங்களில் இறங்கி, வெடிப்புகளுக்குள் நுழைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குளிரைக் கழிக்கும். விஸ்கான்சின் சமவெளியில் மலைக்கு எங்கே போகும்? வயல் நடுவே எழுந்து நிற்கும் வீடுதான் அதற்கு மலை. வெளிறிய சுவரும் அதில் கருத்துத் தெரியும் சன்னல் ஓரங்களும்தான் பாறையும் வெடிப்பும். ஒருமுறை ஓரிடத்தில் தங்கியவை விட்டுப்போன வாசனைத் தடம் மற்றவற்றையும் அங்கே ஈர்க்கிறது. ஆண்டுதோறும் அதே வீட்டுக்கு வருவதன் காரணங்களில் அதுவும் ஒன்று.

பாறையில் கிடைக்காத ஒன்றும் வீட்டில் கிடைக்கிறது. கனடாவின் கியூபெக்கில் நடந்த ஆய்வில், குளிர்காலத்தை வெளியே கழிக்க விட்ட வண்டுகள் மடிந்தன. கட்டடங்களுக்குள் இருந்தவற்றில் கணிசமானவை பிழைத்தன. இந்தக் கடுங்குளிர் வடக்கில் அதை வாழவைப்பதே நாம் சூடேற்றி வைத்திருக்கும் வீடுகள்தான்.

கூட்டம் இவ்வளவு பெரிதாக இருப்பதற்கு வயல்தான் காரணம். எங்கள் நகரைத் தாண்டினால் மக்காச்சோளமும் சோயாவும்தான். சோயா சீனத்துப் பயிர். அதன் சாற்றை உறிஞ்சும் சோயா அசுவினியும் சீனத்தது. வட அமெரிக்காவில் அதை முதலில் கண்டது 2000ஆம் ஆண்டில், இதே விஸ்கான்சினில். அந்த அசுவினி குளிர்காலத்தைக் கழிக்க பக்தார்ன் என்னும் புதர் வேண்டும். வேலிக்காக ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நட்ட புதர் அது. இப்போது காடெல்லாம் பரவிக்கிடக்கிறது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஹைம்பெல் குழு 2010இல் இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக விளக்கியது. ஐரோப்பியப் புதரும் சீன அசுவினியும் ஆசிய வண்டும் அமெரிக்க மண்ணில் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டிருக்கின்றன. கோடை முழுவதும் சோயா வயலில் தின்று பெருகிய வண்டுகள், செப்டம்பர் கடைசியில் இலை பழுத்து அறுவடை தொடங்கியதும் கிளம்புகின்றன. வயலுக்கு அடுத்த கட்டடம் நம் வீடு.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். அவர் மகன் இப்போது அதே நிலத்தில் சோயா போடுகிறார். அசுவினி மிகுந்த ஆண்டுகளில் இந்த வண்டுகள் மருந்துச் செலவைக் குறைத்ததாக மகன் சொல்வாராம். உண்மைதான். சோயா அசுவினியைத் தின்னும் பூச்சிகளில் இது முன்னணியில் இருப்பதை ஆய்வுகளும் சொல்கின்றன. அழைத்து வந்த வேலையை அது செய்துகொண்டுதான் இருக்கிறது.

ஆனாலும் என் தீர்ப்பு இதுதான். கண்டதையெல்லாம் தின்னும் ஓர் உயிரை, எது எதைத் தின்னும் என்று முன்கூட்டிச் சோதிக்காமல், ஒரு கண்டம் முழுவதும் திரும்பத் திரும்பத் திறந்துவிட்டது பெரும்பிழை. கப்பல் வழியாக வந்ததோ அலுவலர் கையால் வந்ததோ, அந்த முயற்சியின் பொறுப்பு குறையாது. இப்போது வேற்று நாட்டுப் பூச்சியை விடுவதற்கு முன் அது உள்ளூர்ப் பூச்சிகளைத் தின்னுமா என்று தனியறையில் வைத்துச் சோதிக்கிறார்கள். அந்தச் சோதனைக்கு ஆண்டுகள் ஆகின்றன என்று விவசாயிகள் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். ஆகட்டும்.

குளிர்நாட்டில் வீடு வைத்திருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வண்டு மரத்தை அரிக்காது, துணியைத் தின்னாது, வீட்டுக்குள் முட்டையிட்டுப் பெருகாது; சிலருக்கு ஒவ்வாமையும் இளைப்பும் தரும் என்பதுதான் கவலைக்குரியது. சுவருக்குள் மருந்தடிக்காதீர்கள். உள்ளே செத்து உலர்ந்தவற்றைத் தின்ன கம்பளப் பூச்சிகள் வரும். அவை துணியையும் தின்னும். கண்ணில் பட்டவற்றை நசுக்காமல் வாக்யூமில் இழுத்து, பையை உடனே வெளியே கொட்டுங்கள். செப்டம்பர் முடிவதற்குள் ஏணி வைத்து ஏறி, சன்னல் ஓரங்களையும் குழாய்கள் நுழையும் துளைகளையும் கால்க் பசையால் அடைத்துவிடுங்கள். காற்றுப்போக்கிகளுக்கு வலை போடுங்கள். தோட்டத்துக்கு என்று கடையில் பொறிவண்டு விற்றால் வாங்காதீர்கள்.